இத்தாலியத் திரைத்துறையில் பெண்களின் வேலை: எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது

1963இல் வெளியான லூக்கினோ விஸ்கோன்தியின் ‘இல் கத்தோபார்தோ’ படத்தின் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும் ஒரு விருந்து நடனம் வரும். அதில் ஆஞ்செலிகாவாகத் தெரியும் முகம் க்ளவுதியா கார்தினாலேயுடையது. இத்தாலியப் பிரதியில் கேட்கும் குரல் சொல்வெய்க் தஸ்ஸுந்தா என்ற டப்பிங் கலைஞருடையது. திரைக்கதை எழுதிய ஐவரில் ஒருவர் சூசோ செக்கி தாமிக்கோ. உடையை வடிவமைத்தவர் பியேரோ தோசி என்ற ஆண். அதை வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, நடிகைக்கு மாட்டிவிட்டதோ தையற்காரப் பெண்களின் கைகள். ஒரே காட்சிக்குள் நான்கு வகைப் பெண்களின் உழைப்பு கிடக்கிறது. டைட்டிலில் நடிகையின் பெயர் பெரிதாக வரும், எழுத்தாளர் பெயர் கூட்டத்தோடு வரும். தையற்கூடத்தில் ஊசி பிடித்தவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இத்தாலியத் திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றில் பெண்களின் வேலையை ஆராய்வது என்றால் என்ன என்பதற்கு இந்தக் காட்சியே பதில். பெண் இயக்குநர்களின் பட்டியல் போடுவது அந்த ஆய்வின் ஒரு மூலை மட்டும். படம் உருவாகும் வழியெங்கும் எந்த வேலையைப் பெண்கள் செய்தார்கள், அந்த வேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள், ஏன் சில வேலைகள் ‘பெண்ணுக்கு ஏற்றவை’ என்று ஒதுக்கப்பட்டன என்பதே கேள்வி. அதற்கு டைட்டிலை மட்டும் நம்பினால் ஆய்வு தொடங்குமுன்பே முடிந்துவிடும். பெயரைத் தேடுவதற்கு முன் வேலையைத் தேட வேண்டும். வேலை ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தை விட்டுச் செல்கிறது. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் தொடக்கநிலை ஆய்வாளரின் முதல் பாடம்.

ஒரு குடும்பக் கம்பெனி கற்றுத்தருவது

எல்விரா நோத்தாரி 1875இல் சலேர்னோவில் பிறந்தார். நேப்பிள்ஸில் கணவர் நிக்கோலாவோடு தோரா ஃபிலிம் என்ற கம்பெனியை நடத்தினார்; தோரா என்பது மகளின் பெயர். கதை எழுதுவது, இயக்குவது, நடிகர்களைப் பழக்குவது எல்லாம் எல்விரா. கேமரா நிக்கோலா. மகன் எதுவார்தோ ‘ஜென்னரியெல்லோ’ என்ற பாத்திரமாகப் படத்துக்குப் படம் வந்தான். பிரேம் பிரேமாகக் கையால் வண்ணம் பூசுவதும் அவர்கள் தொழிலின் பகுதி. சுமார் 60 முழுநீளப் படங்களும் நூற்றுக்கு மேற்பட்ட குறும்படங்களும் எடுத்ததாகக் கணக்கிடுகிறார்கள். முழுநீளப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று: 1922இன் ‘ஆ சாந்தநோத்தே’, ‘ஏ பிச்செரெல்லா’, 1927இன் ‘ஃபந்தசியா ஏ சுர்தாத்தோ’.

இத்தாலியின் முதல் பெண் இயக்குநரான இவர் நெடுங்காலம் வரலாற்று நூல்களில் இல்லாமல் போனதற்குக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் தடைகள் எல்லாமே அதில் இருக்கும். விளம்பரங்களில் முன்நின்றது கம்பெனியின் பெயர். ஆகவே யார் இயக்கியது என்ற கேள்விக்குப் பின்னால் வந்தவர்கள் கணவர் பெயரை நிரப்பினார்கள். பிறந்த வீட்டுப் பெயர் கோதா, புகுந்த வீட்டுப் பெயர் நோத்தாரி. ஒரே ஆள் இரண்டு பெயர்களில் கிடைப்பார். படங்கள் நேப்பிள்ஸ் பேச்சுவழக்கிலும் தெருவோர ஏழ்மையிலும் தோய்ந்தவை. ஃபாசிச ஆட்சிக்கு அவை இரண்டுமே பிடிக்கவில்லை. பேசும் படம் வந்ததும் 1930 வாக்கில் கம்பெனி நின்றது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுருள்கள் அழிந்தன.

அப்படியானால் காணாமல் போன படங்களைப் பற்றி எப்படித் தெரியும்? தணிக்கைக் காகிதம் வழியாக. இத்தாலியில் படத் தணிக்கைக்கான சட்டம் 1913 ஜூனில் வந்தது. அதன்பின் திரையிட வேண்டிய ஒவ்வொரு படத்துக்கும் ‘நுல்லா ஓஸ்தா’ என்ற தடையின்மைச் சான்று வேண்டியிருந்தது. படம் அழிந்தாலும் சான்றில் தலைப்பு, கம்பெனி, மீட்டரில் நீளம், வெட்டச் சொன்ன இடங்கள் இருக்கும். இந்தப் பதிவுகளைத் தொகுத்த ‘இத்தாலியா தால்யா’ தரவுத்தளத்தை இணையத்திலேயே தேடலாம். தொடங்க வசதியான இடம் அதுதான். ஆனால் அதில் இருப்பது கம்பெனி அரசுக்குச் சொன்னது. களத்தில் நடந்தது வேறாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 1915இன் ‘அஸ்ஸுந்தா ஸ்பீனா’ படத்துக்கு இயக்குநர் என்று பதிவானவர் குஸ்தாவோ செரேனா. ஆனால் நாயகி பிரான்செஸ்கா பெர்த்தீனி, முதுமையில், தானே இயக்கியதாகச் சொன்னார். இப்படியான இடத்தில் யார் சொல்வது மெய் என்று தீர்ப்பு எழுத அவசரப்படக் கூடாது. பதிவு ஒன்று, சாட்சியம் ஒன்று. இரண்டையும் தேதியோடு தனித்தனியாகக் குறித்துவைத்து, இயக்குவது என்ற சொல்லுக்கு 1915இல் என்ன பொருள் இருந்தது என்று கேட்பதே பயன் தரும். நடிகை காட்சியமைப்பைத் தீர்மானிப்பதும் சக நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்போது ‘இயக்கம்’ என்று எண்ணப்படவில்லை என்றால், குறை அவருடைய உரிமைகோரலில் இல்லை.

சொல்லுக்குள் மறையும் பெண்

இத்தாலிய மொழியில் தொழிற்பெயருக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. படத்தொகுப்பாளர் ஆணானால் மொந்தாத்தோரே, பெண்ணானால் மொந்தாத்ரிச்சே. ஆனால் இருபாலரும் சேர்ந்த குழுவுக்கு ஆண்பால் பன்மைதான்: பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களானாலும் மொந்தாத்தோரி. உயர்ந்த பதவியை ஆண்பாலிலேயே எழுதும் பழக்கமும் நெடுநாள் இருந்தது. உதவி இயக்குநரைக் குறிக்கும் ‘அயூத்தோ ரெஜிஸ்தா’, உதவியாளரைக் குறிக்கும் ‘அஸ்ஸிஸ்தென்தே’ ஆகியவற்றில் பால் தெரியவே தெரியாது. ஆக, ஆவணத்தில் ஆண்பால் சொல் இருந்தால் அங்கே பெண் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

சில வேலைகளுக்கோ பெண்பால் பெயரே வழக்கு. ‘சார்த்தா’ படப்பிடிப்புத் தளத்தில் உடைகளைத் தைத்தும் திருத்தியும் பார்த்துக்கொள்பவர். ‘செக்ரெத்தாரியா தி எதித்சியோனே’ என்பது நம்மூர்ப் படப்பிடிப்பில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பிசகாமல், பார்ப்பவரின் வேலை. ‘செக்ரெத்தாரியா’ என்றால் செயலாளர் என்று அகராதி சொல்வதை நம்பி, அவரைத் தட்டச்சு செய்யும் அலுவலகப் பணியாளராகக் கணக்கில் சேர்த்துவிடும் பிழை அடிக்கடி நடக்கிறது.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நம் ‘தொகுப்பாளர்’, ‘உதவியாளர்’ எல்லாம் மரியாதைப் பலர்பால். மொழிபெயர்த்த நொடியே ஆண் பெண் வேறுபாடு மறைந்துவிடும். எனவே குறிப்பேட்டில் மூலச் சொல்லை அப்படியே எழுதுங்கள். தமிழ்ச் சொல் பக்கத்தில் இருக்கட்டும்.

பெயர்களிலும் கவனம் தேவை. அந்த்ரேயா, நிக்கோலா, சிமோனே, கப்ரியேலே, மிக்கேலே ஆகியவை இத்தாலியில் ஆண் பெயர்கள். இவற்றைப் பெண்ணாக எண்ணிய பட்டியல்கள் இணையத்தில் நிறைய. மணமான பெண்ணின் பெயர் இன்னும் சிக்கலானது. சூசோ செக்கி தாமிக்கோவின் இயற்பெயர் ஜொவான்னா செக்கி. தாமிக்கோ என்பது கணவரும் இசை அறிஞருமான ஃபெதேலே தாமிக்கோவின் குடும்பப் பெயர். இவரைச் ‘செ’ வரிசையிலும் ‘தா’ வரிசையிலும் தேட வேண்டும். புனைபெயரும் உண்டு. லீனா வெர்ட்முல்லர் 1968இல் ஒரு வெஸ்டர்ன் படத்தை நேதன் விச் என்ற ஆண் பெயரில் இயக்கினார். அந்தக் காலத்து இத்தாலிய வெஸ்டர்ன்களில் ஆண்களும் அமெரிக்கப் பெயர் பூண்டார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பெண் என்பதை மறைக்க மட்டுமே பெயர் மாற்றினார் என்று எழுதினால் பாதிதான் சரி.

அரசுக் கோப்பு: எண்கள் இருக்கும் இடம்

ரோமின் தெற்கே ஏயூர் பகுதியில் உள்ள மத்திய அரசு ஆவணக்காப்பகத்தில் இத்தாலியப் படங்களுக்கான தனித்தனிக் கோப்புகள் இருக்கின்றன. அரசு மானியம் வேண்டுமானால் தயாரிப்பாளர் காகிதம் கொடுக்க வேண்டும். 1949 டிசம்பர் 29இன் 958ஆம் எண் சட்டத்துக்குப் பின் இந்தக் காகிதம் பெருகியது. நல்ல கோப்பில் படப்பிடிப்புத் தொடக்க அறிவிப்பு, திரைக்கதை, நிதித் திட்டம், செலவு மதிப்பீடு, கலைஞர்கள் தொழில்நுட்பர்கள் பட்டியல், பணி அட்டவணை ஆகியவை கிடைக்கும். டைட்டிலில் இடம் பெறாத தையற்காரரும் முடி ஒப்பனையாளரும் இந்தப் பட்டியலில் பெயரோடு வரக்கூடும், சில கோப்புகளில் வாரச் சம்பளத்தோடும்.

கோப்பைத் தேடுகையில் இரண்டு விஷயங்களில் சறுக்குவார்கள். கோப்பு பெரும்பாலும் படப்பிடிப்புக் காலத் தலைப்பில் இருக்கும், வெளியான தலைப்பில் இருக்காது. அடுத்தது, நிர்வாகம் கைமாறியது. 1959 வரை இந்தப் பணி பிரதமர் அலுவலகத்தின் கீழிருந்த இயக்ககத்தில் நடந்தது. அந்த ஆண்டு சுற்றுலா, கலைநிகழ்ச்சி அமைச்சகம் உருவானபின் அங்கே போனது. ஆகவே ஒரே தயாரிப்பாளரின் படங்கள்கூட வேறு வேறு தொகுதிகளில் கிடக்கலாம். படத்தின் ஆண்டு, கம்பெனியின் முழுப்பெயர், இயக்குநர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் காப்பகப் பணியாளர் உதவுவது எளிது.

கோப்பு கிடைத்ததும் மதிப்பீட்டையும் இறுதிச் செலவுக் கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ப்ரெவென்தீவோ’ என்பது செலவழிக்கப் போவதாகச் சொன்னது. ‘கொன்சுன்தீவோ’ செலவழித்ததாகச் சொன்னது. சம்பள ஒப்பீட்டுக்கு இரண்டாவதே வேண்டும். அதுகூடப் புனிதமில்லை, மானியத்துக்காகத் தொகையை ஊதிக் காட்டுவது தயாரிப்பாளர் குலத்துக்கே உள்ள பழக்கம். அதனால் தொகையைத் தனியாக மேற்கோள் காட்டாமல், அதே படத்தில் ஒப்பிடத்தக்க வேலை செய்த ஆணுக்கு எவ்வளவு, எத்தனை வாரம் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊதல் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் விகிதம் ஓரளவு நிற்கும்.

கூட்டுத் தயாரிப்புப் படங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பிரான்சோடு 1949இல் ஒப்பந்தம் ஏற்பட்டபின் இரு நாட்டுத் தொழிலாளர்களுக்கும் பங்கு காட்ட வேண்டியிருந்தது. பங்கைக் காட்டுவதற்காக, களத்துக்கே வராதவர்களின் பெயர்களும் பட்டியலில் ஏறின. ஆக, டைட்டில் சிலரை மறைக்கும். பட்டியல் சிலரை முளைக்க வைக்கும்.

காப்பக நடைமுறை பற்றிச் சுருக்கமாக: அடையாளச் சான்று வேண்டும். 2017 ஆகஸ்ட் 29 முதல், ஆய்வுக்காகச் சொந்தக் கேமராவிலோ கைபேசியிலோ படமெடுக்கக் கட்டணம் இல்லை. பதிப்பிப்பது வேறு விஷயம், அதற்கு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தரங்கத் தகவல் உள்ள தாள்கள் 40 ஆண்டுகளுக்கும், உடல்நலம், பாலியல் வாழ்வு, குடும்ப அந்தரங்கம் சார்ந்தவை 70 ஆண்டுகளுக்கும் மூடியிருக்கும். மகப்பேற்று விடுப்பு தொடர்பான கடிதங்களைத் தேடுபவர்கள் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வேலை விட்டுச்செல்லும் தாள்கள்

செக்ரெத்தாரியா தி எதித்சியோனேயின் நாட்குறிப்பைப் போன்ற மூலம் வேறில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண், எத்தனையாவது டேக், எது தேறியது, என்ன லென்ஸ், எவ்வளவு நேரம், நடிகையின் எந்தக் கையில் கோப்பை இருந்தது, பொத்தான் எத்தனை திறந்திருந்தது என்று எழுதுவார். நெடுங்காலமாக இத்தாலியப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படப்பிடிப்பு முடிந்த பின்னரே டப்பிங்கில் குரல் சேர்த்தார்கள். ஆகையால் களத்தில் நடிகர் உண்மையில் என்ன பேசினார் என்று அவர் எழுதிவைத்தது டப்பிங் கூடத்துக்கு அடிப்படையானது. எடிட்டிங் மேசைக்கும் அதுவே வழிகாட்டி. இயக்குநரின் ‘மேதைமை’ பற்றி எழுதுமுன் அந்தத் தாள்களைப் புரட்டுவது நல்லது. எந்த டேக் தேர்வானது, காட்சி எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பதற்குச் சாட்சி அங்கேதான். இவை அரசுக் கோப்பில் வராது. இயக்குநர்களின் தனித் தொகுப்புகளிலும், ரோமில் 1935இல் தொடங்கப்பட்ட செந்த்ரோ ஸ்பெரிமென்தாலே திரைப்படப் பள்ளியின் நூலகத்திலும், தூரினில் உள்ள தேசிய சினிமா அருங்காட்சியகத்திலும் விசாரிக்க வேண்டும். தூரின் அருங்காட்சியகத்தை உருவாக்கியவரே மரியா அத்ரியானா ப்ரோலோ என்ற பெண். சேகரிப்பதும் காப்பதும் திரைத்துறை வேலைதான் என்று ஒப்புக்கொண்டால் அவரும் இந்த ஆய்வுக்குள் வருவார்.

டப்பிங் கலைஞர்கள் நிலை இன்னும் மோசம். லிதியா சிமோனெஸ்கி இங்கிரிட் பெர்க்மனுக்கும், ரொசெத்தா கலவெத்தா மர்லின் மன்றோவுக்கும் இத்தாலியக் குரல். அந்தக் காலத்துப் பிரதிகளில் டப்பிங் பெயர் போடுவது வழக்கமில்லை. இத்தாலியப் படத்திலும் இப்படித்தான்: கார்தினாலேயின் சொந்தக் குரல் முதலில் கேட்டது 1963இல் ஃபெல்லினியின் ‘எட்டரை’யில். அதற்கு முன் அவருடைய நடிப்பு என்று எழுதுவதெல்லாம் இரண்டு பெண்களின் வேலை.

சமூகக் காப்புப் பதிவுகளும் உதவும். கலைநிகழ்ச்சித் தொழிலாளர்களுக்கான எம்பால்ஸ் என்ற நிறுவனம் 2011 இறுதியில் தேசிய ஓய்வூதிய அமைப்பான இன்ப்ஸில் கரைந்தது. தனிநபர் பங்களிப்புக் கணக்கு வெளியாருக்குக் கிடைக்காது. ஆனால் சம்பந்தப்பட்டவரோ வாரிசோ கேட்டுப் பெறலாம். வீட்டு அலமாரியில் பழைய ‘லிப்ரெத்தோ தி லவோரோ’ இருக்கிறதா என்று கேளுங்கள். 1935இல் கொண்டுவரப்பட்ட இந்த வேலைப் புத்தகத்தில் முதலாளி, பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் இருக்கும். கணக்கில் இடைவெளி தெரிந்தால் ‘வேலை செய்யவில்லை’ என்று படிக்காதீர்கள். ரொக்கமாகக் கூலி வாங்கிய காலமாகவும், கணவரின் படத்துக்குக் கூலியில்லாமல் கணக்கெழுதிய காலமாகவும் அது இருக்கலாம்.

தொலைக்காட்சி

இத்தாலியின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய் 1954 ஜனவரி 3 அன்று ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று திரையில் வந்து அறிவித்தவர் ஃபுல்வியா கொலொம்போ. இப்படி அறிவிப்பாளர்களாக வந்த பெண்களை ‘சிஞ்ஞொரீனே புவனசேரா’, அதாவது ‘மாலை வணக்கம் சொல்லும் குமாரிகள்’ என்று நாடே அழைத்தது. ‘குமாரி’ என்ற அந்தச் சொல்லில் அன்றைய மனநிலை தெரிகிறது: வேலைக்குப் போகும் பெண் என்றால் மணமாகாதவள். திருமணம் செய்தால் வேலையிழப்பு என்ற நிபந்தனை இத்தாலிய வேலை ஒப்பந்தங்களில் இருந்தது. 1963 ஜனவரி 9இன் 7ஆம் எண் சட்டம் அதைத் தடை செய்தது. ஊழியர் பதிவேட்டில் ஒரு பெண் 1963க்கு முன் திடீரென மறைந்தால், திருமணப் பதிவையும் பாருங்கள்.

தொடக்க ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் பல நேரலை, பதிவு மிஞ்சவில்லை. அதனால் ‘ராதியோகொர்ரியேரே’ வார இதழே முதல் மூலம். நாடகம், தொடர் ஒவ்வொன்றுக்கும் இயக்கம், அரங்கம், உடை யார் என்று அதில் அச்சாகியிருக்கும். ராயின் ஆவணப் பிரிவான தெக்கே ராய் இதழ்களை எண்மமாக்கி வைத்திருக்கிறது. முன்கூட்டியே அச்சானது என்பதால் கடைசி நேர மாற்றங்கள் இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தொலைக்காட்சியைத் தவிர்த்துப் பெண் இயக்குநர்களின் வரலாற்றை எழுதவே முடியாது. லிலியானா கவானி சினிமாவுக்கு வருமுன் 1960களின் தொடக்கத்தில் ராய்க்காக மூன்றாம் ரைஷ் எனப்பட்ட நாஜி ஜெர்மனி பற்றிய தொடர் ஆவணப்படம் செய்தவர். வெர்ட்முல்லர் 1964–65இல் ‘ஜான் புர்ராஸ்கா’ தொடரை எடுத்தார். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பெண் என்று உலகம் அவரைப் பேசியது 1977இல்தான். 1979 ஏப்ரல் 26 அன்று ராய் ஒளிபரப்பிய ‘ப்ரொச்செஸ்ஸோ பேர் ஸ்தூப்ரோ’, ஒரு பாலியல் வன்முறை வழக்கின் விசாரணையை நீதிமன்றத்துக்குள்ளிருந்தே காட்டியது. ஆறு பெண்கள் கூட்டாகப் பெயர் போட்ட படம் அது. இங்கே ‘இயக்குநர்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கும் தரவுத்தளம் தடுமாறும். ஆறு பெயரையும் சேர்க்க முடியாவிட்டால் பிழை உங்கள் படிவத்தில்.

பேட்டி எடுப்பவர்களுக்கு

‘பெண்ணாக இருந்தது கடினமாக இருந்ததா?’ என்று தொடங்கினால் ‘இல்லை, எல்லோரும் குடும்பம்போல் இருந்தோம்’ என்ற பதில் வரும், அதோடு கதவு மூடும். கைகள் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், பையில் என்ன இருந்தது, பிலிமை எதால் ஒட்டினீர்கள், தவறு நடந்தால் யார் திட்டினார், கூலியை யார் கையில் கொடுத்தார், குழந்தையை யாரிடம் விட்டுவந்தீர்கள்? படப்பிடிப்புப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோய், ஓரத்தில் நிற்கும் முகங்களைக் காட்டிப் பெயர் கேட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது பல நாள் காப்பக வேலைக்குச் சமம். ‘லிபெராதோரியா’ என்ற எழுத்துமூல ஒப்புதல், பதிவுக்கு முன்பே வேண்டும். பேட்டியில் பெயர் அடிபடும் சக ஊழியர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்க மாட்டீர்கள். அவர்களைப் பற்றிய அந்தரங்கச் செய்தியை வெளியிடும் படியிலிருந்து நீக்குங்கள்.

முதல் பயிற்சி

1955க்கும் 1965க்கும் இடையில் வந்த, அதிகம் பேசப்படாத ஓர் இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற படங்களில் பிறர் எழுதிய கதைகள் கண்ணை மறைக்கும். டைட்டிலை நிறுத்தி நிறுத்தி, பிழை திருத்தாமல், அப்படியே நகலெடுங்கள். மறுபதிப்புகளில் டைட்டிலை மாற்றியிருப்பார்கள். எந்தப் பிரதி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு அட்டவணை: மூலத்தில் உள்ள பெயர், மூலத்தில் உள்ள பதவிச் சொல், எந்தத் தாள், அந்தத் தாளின் தேதி, மாற்றுப் பெயர்கள், கூலி தெரிந்தால் கூலி. படம் எடுக்கத் தேவையான வேலைகளை இடப்பக்கம் முதலிலேயே எழுதிவிடுங்கள்: கன்டினியூட்டி, தையல், முடி ஒப்பனை, நெகட்டிவ் வெட்டுதல், எடிட்டிங் உதவி, டப்பிங், கணக்கு. பெயர் கிடைக்காத வேலைக்கு எதிரே வெற்றுக் கட்டம் இருக்கட்டும், அந்த வரியை அழிக்க வேண்டாம். அடுத்துத் தணிக்கைப் பதிவு, பிறகு திரைத்துறை நிறுவனங்களின் சங்கமான அனிக்காவின் இத்தாலியப் பட ஆவணத்தளம், அதன்பின் ரோம் கோப்பு.

பொதுப் பயன்பாட்டுத் திரைப்படத் தளங்களில் ‘டைட்டிலில் இடம்பெறாதவர்’ என்று ஒரு பெண் பெயரைக் கண்டால் மகிழ்ச்சியில் அட்டவணையில் ஏற்றிவிடாதீர்கள். அதை யார் சேர்த்தார், எதை வைத்துச் சேர்த்தார் என்று அங்கே தெரிய வழியில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தாள்களில் பெயர் வரும்வரை அது பென்சிலில் இருக்கட்டும்.